பாத்தபம்பாவிலிருந்து கீழே

கீழே போனால் சரியாகிவிடும் என்று நெல்லி சொல்லியிருக்கிறாள். நெல்லி எங்கள் வழிகாட்டி, இந்த மலைகளிலேயே பிறந்து வளர்ந்தவள், எத்தனை வெளியூர்க்காரர்கள் மூச்சு முட்டித் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருப்பாள், அவளுக்குத் தெரியாதா, கீழே போனால் சரியாகிவிடும். ஆனால் இந்த வேன் எங்கே கீழே போகிறது. எவ்வளவோ நேரமாகப் பொட்டல்வெளியில் நேராக ஓடிக்கொண்டிருக்கிறது. மலை என்றால் ஏறினால் இறங்க வேண்டும், வால்பாறைச் சாலை அப்படித்தான், ஊட்டி அப்படித்தான், இந்தப் பெரு நாட்டு மலை மட்டும் ஏறி முடித்த பிறகு மேலேயே படுத்துக்கொண்டுவிட்டது. இரண்டு பக்கமும் காய்ந்த மஞ்சள் புல். தூரத்தில் பனி போர்த்திய சிகரங்கள், அதில் ஒன்று எரிமலை, புகைந்துகொண்டிருக்கிறது. கண்ணைக் குத்துகிற நீலத்தில் வானம். பக்கத்தில் அவர், என் வீட்டுக்காரர், தண்டபாணி, மின்சார வாரியத்தில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன் மாட்டியிருக்கிறது, கண் மூடியிருக்கிறது. மூடிக்குள் ஆவி படிகிறது, மறைகிறது, படிகிறது. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். படிகிறது. மூச்சு வருவது மட்டும் எனக்குப் போதாது. அந்த மூச்சுக்குள் இருக்கிற ஆள் திரும்பி வர வேண்டும்.

நடந்தது இவ்வளவுதான். சிவாய் என்கிற ஊரில் ராத்திரி தங்கிவிட்டு, நமசிவாயத்தில் பாதியைப் பிய்த்து இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று காலையில் இட்லி மாதிரி இருந்த ஏதோ ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே அவர் சிரித்தார், அப்போது நன்றாகத்தான் இருந்தார், நன்றாகத்தானே இருந்தார், அதன் பிறகு வளைந்து வளைந்து ஏறி பாத்தபம்பா என்ற உச்சிக்கு வந்தோம். எல்லோரும் இறங்கினோம். வருகிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் என அடுக்கிவிட்டுப் போன சின்னச் சின்னக் கற்குவியல்கள், ஆயிரக்கணக்கில், ஒரு கல்லறைத் தோட்டம் மாதிரி. ஸ்பெயினிலிருந்து வந்த பெண் தலையைப் பிடித்துக்கொண்டு வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் காது அடைத்தது, நெஞ்சு படபடத்தது. நான் அவருக்குச் சால்வையை இழுத்துவிடப் போனேன். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். கூச்சப்பட்டு நகர்ந்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார், அந்தப் புன்னகை எனக்குத் தெரியும், கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்தால் அவர் வைக்கிற புன்னகை. "உங்களுக்கு எந்தூருங்க?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். விளையாட்டு என்றால் கண்ணில் ஒரு ஓரத்தில் தெரிந்துவிடும், அவருக்கு மறைக்கத் தெரியாது. அந்த ஓரத்தில் ஒன்றுமே இல்லை. என்னங்க, நாந்தாங்க, கோதைங்க என்றேன். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். "அப்படிங்களா. கூட யாரும் வரலீங்களா, தனியாவா வந்தீங்க?" என்றார். அந்தக் குரலில் இருந்த அக்கறைதான். திட்டியிருந்தால், பிதற்றியிருந்தால், கீழே விழுந்திருந்தால்கூட நான் இப்படிப் பயந்திருக்க மாட்டேன். ஒரு நல்ல மனிதர் ஒரு அந்நியப் பெண்ணிடம் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் என்னை வாங்க போங்க என்று சொன்னதே கிடையாது.

நெல்லியைக் கூப்பிட்டேன். கத்தினேனா, தெரியவில்லை, அந்த உயரத்தில் கத்தினாலும் குரல் வெளியே வராது. அவள் ஓடிவந்து அவர் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்து, நாக்கைத் தட்டிக்கொண்டு, ஓட்டுநரிடம் அவர்கள் பாஷையில் என்னவோ பேசினாள். காற்று போதவில்லை, மூளைக்கு ஆக்ஸிஜன் போகவில்லை, அதனால் குழப்பம், சிலருக்கு இப்படி ஆகும் என்று இங்கிலீஷில் எனக்கு விளக்கினாள். சிவாய் பின்னால் பக்கத்திலேயே இருக்கிறது, திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். அங்கே பெரிய ஆஸ்பத்திரி கிடையாது, அரெகிப்பா நகரத்துக்கே போய்விடலாம், சிலிண்டர் வண்டியிலேயே இருக்கிறது, போகப் போக உயரம் குறைந்துவிடும் என்றாள். சரி என்றேன். ஏன் சரி என்றேன். திரும்பியிருந்தால் இந்நேரம் கீழே இருந்திருப்போம். சிவாயில் ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் என்ன, காற்று இருந்ததே, காலையில் இருந்த ஆள் அங்கே இருந்தாரே. ஒருவேளை அவரை அங்கேயே விட்டுவிட்டு வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேனோ. சீ, என்ன நினைப்பு இது. ஆவி படிகிறது. மறைகிறது. கீழே போனால் சரியாகிவிடும்.

சரியாகிவிடும் என்றால் எது வரைக்கும் சரியாகும். அதுதான். அதை நினைக்கக் கூடாது என்று புல்லைப் பார்க்கிறேன், புல் மேல் மான் மாதிரி ஏதோ ஓடுகிறது, விக்குன்யா என்று நெல்லி மற்றவர்களுக்குச் சொல்கிறாள், எல்லோரும் செல்போனைத் தூக்குகிறார்கள், நான் புல்லைப் பார்த்துக்கொண்டே எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறேன். கோயம்புத்தூரில், ராமநாதபுரம் பகுதியில், எங்கள் வீட்டில், ஆடி மாதம் ஒரு காலையில் பால் பாக்கெட்டை அவர் அலமாரியில் துவரம்பருப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் செய்வார்கள், நானே ஒரு தடவை மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜில் வைத்தேன். அது கணக்கில்லை. அப்புறம் அவிநாசி ரோட்டில் சிக்னல் பச்சை விழுந்த பிறகும் காரை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார், பின்னால் அத்தனை ஹாரன், நான் தோளைத் தொட்டதும் எடுத்தார், என்னவோ யோசனை என்றார். யோசனைதான். யோசனை யாருக்கு இல்லை. மகள் யாழினி டல்லாஸிலிருந்து பேசும்போதெல்லாம் மாப்பிள்ளை எங்கே என்று கேட்கிறார், அவள் சொல்கிறாள், போனை வைப்பதற்குள் இன்னொரு தடவை கேட்கிறார். அப்பாவுக்குக் காது மந்தமாயிடுச்சும்மா, டாக்டர்கிட்டக் காட்டுங்க என்றாள் அவள். காதுதான் என்று நானும் நினைத்தேன். காது டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார், எவ்வளவு சந்தோஷப்பட்டேன் அன்றைக்கு, வருகிற வழியில் அன்னபூர்ணா ஹோட்டலில் காபி குடித்தோம். காது நன்றாக இருந்தால் வேறு எது நன்றாக இல்லை என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்றியது. தோன்றி, காபியோடு உள்ளே போய்விட்டது. இப்போது இந்தப் பொட்டலில் ஒவ்வொன்றாக எழுந்து வருகிறது, பால் பாக்கெட், பச்சை சிக்னல், மாப்பிள்ளை. ஆனால் உயரத்தால் வந்தது என்றால் இவையெல்லாம் சும்மா. கோயம்புத்தூரில் என்ன உயரம் இருக்கிறது. அதுதான், கோயம்புத்தூரில் உயரமே இல்லையே. இந்த இடத்தில் வந்து என் நினைப்பு நின்றுவிடுகிறது, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் சேற்றில் சிக்கிய சக்கரம் மாதிரி அங்கேயே சுற்றுகிறது.

மலைக்குப் பயந்தவள் நான். இவருக்கோ மலை என்றால் உயிர், நீலகிரியில் குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பைத்தியம், ரிட்டயர் ஆனதும் வருஷத்துக்கு ஒரு மலை என்று கிளம்பிவிட்டார். நேபாளத்தில் போக்ராவுக்கு அழைத்துக்கொண்டு போனார், ஜார்ஜியாவில் கஸ்பேகி, சுவிட்சர்லாந்தில் பல்சக்கர ரயில். எங்கேயும் நான் பள்ளத்தைப் பார்த்ததில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன், அவர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சொல்லிக்கொண்டு வருவார், இப்ப ஒரு ஆறு வருது கோதை, பச்சைத் தண்ணி, இப்ப ஒரு சின்னச் சர்ச், வாசல்ல ஒருத்தன் ஆப்பிள் வைச்சு விக்கறான், பாதிக் கிழவன், மீசை மட்டும் கருப்பு. உலகத்து மலைகளையெல்லாம் நான் அவர் வாயால்தான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு கீழே இருக்கிற ஊருக்கு வந்து, ஏதாவது ஒரு கடை வாசலில் உட்கார்ந்து சூடாக ஏதாவது குடிக்கும்போது அண்ணாந்து பார்ப்பேன், அங்கேயா போய்விட்டு வந்தோம் என்று. எனக்கு மலை என்றால் அந்த அடிவாரத்து ஊர்தான், தரை, கடை, மனிதர்கள். மேலே இருக்கிற வரைக்கும் விழுந்துவிடுவோம், விழுந்துவிடுவோம் என்று ஒரே எண்ணம். விழுவது என்றால் வண்டியோடு உருள்வது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு உச்சியில், கெட்டித் தரையில், இரண்டு காலையும் ஊன்றி நிற்கும்போதே அவர் என் கண்ணெதிரில் விழுந்தார். ஒரு சத்தமும் இல்லை. நான் பிடிக்கக் கை நீட்டினேன், அவர் கூச்சப்பட்டு நகர்ந்துகொண்டார்.

வேன் நிற்கிறது. சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை. கோகா இலையைக் கொதிநீரில் போட்டுத் தருகிறார்கள், மலை உயரத்துக்கு நல்லதாம். ஸ்பெயின் பெண் மெதுவாக இறங்குகிறாள், காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி எடுத்தவள், இப்போது தானாக நடக்கிறாள், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்கிறாள். முகத்தில் ரத்தம் வந்துவிட்டது. பாருங்கள், இவளுக்குக் குறைந்துவிட்டது, உங்கள் கணவருக்கும் குறையும் என்கிறாள் நெல்லி. அவர் விரலில் மறுபடி கிளிப்பை மாட்டுகிறாள், எண்ணைப் பார்த்து நல்லது நல்லது என்கிறாள். கடைக்காரம்மா எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டுகிறாள், தொப்பி போட்ட கனத்த அம்மா, என்னைப் பார்த்து என்னவோ சொல்கிறாள், நெல்லி மொழிபெயர்க்கவில்லை. நான் வாங்கிக்கொள்கிறேன். வைக்கோல் வாசம் அடிக்கிறது. குடிக்காமல் கையிலேயே வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது. அவளுக்கு வந்தது தலைவலி, வாந்தி. அவள் யாரையும் பார்த்து நீ யார் என்று கேட்கவில்லை. ஒரே காற்று, ஒரே உச்சி, அவளுக்குத் தலைவலியைக் கொடுத்தது, எனக்குப் படபடப்பைக் கொடுத்தது, இவரிடம் மட்டும் ஏன் என்னை எடுத்தது. ஏற்கெனவே தளர்ந்திருந்த கிளையைத்தான் காற்று முறிக்கும். இல்லை, அப்படியெல்லாம் இல்லை, அறுபத்தெட்டு வயது, உயரம், அவ்வளவுதான். எண் நல்லது என்கிறாளே. நல்லது.

இப்போது இறங்குகிறது. கடைசியில் இறங்குகிறது. லாரிகள் வரிசையாக முக்கிக்கொண்டு எதிரே ஏறிவருகின்றன, எங்கள் ஓட்டுநர் வளைவுகளில் வேகத்தைக் குறைக்கிறார், ஐயோ குறைக்காதே அப்பா, போ. என் பக்கம்தான் பள்ளம். கல்லும் மண்ணுமாகச் சரிந்து எங்கேயோ போகிறது, அடியில் காய்ந்த ஆற்றுத் தடம் வெள்ளையாகத் தெரிகிறது, நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன், இன்னும் ஆழமாக இருக்கக் கூடாதா என்று பார்க்கிறேன். காது பட்டென்று திறக்கிறது. வேனின் சத்தம் இரண்டு மடங்காகிறது. பின்சீட்டில் யாரோ சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள், ஸ்பெயின் பெண் சிரிக்கிற சத்தம். எல்லோருக்கும் சரியாகிவிட்டது. எல்லோரும் கீழே வந்துவிட்டார்கள். இவர் தூங்குகிறார். எழுப்பலாம். எழுப்பினால் என்ன கேட்பது. நான் யார் என்று கேட்பதா, யாராவது கட்டிய புருஷனிடம் அப்படிக் கேட்பார்களா. மகள் பேர் என்ன என்று கேட்கலாம். சொல்லிவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமா, யாழினி யாழினி என்று தூக்கத்தில்கூடச் சொல்வாரே. இன்றைக்கு என்ன கிழமை. எனக்கே தெரியாது, இந்த நாட்டில் இறங்கியதிலிருந்து கிழமையெல்லாம் குழம்பிக் கிடக்கிறது. எளிதாகக் கேட்டால் அவர் ஜெயித்துவிடுவார், நான் நம்ப மாட்டேன். கஷ்டமாகக் கேட்டால் தோற்றுவிடுவார், நம்பிவிடுவேன். கேட்காமலே இருந்துவிடலாம். இந்தச் சாலை முடியாமல் இப்படியே வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தால், அவர் தூங்கிக்கொண்டே இருந்தால், மலையால் வந்தது என்றே இருக்கும். சற்று முன்னால்தான் போ போ என்றேன். இப்போது கால் இரண்டையும் முன்சீட்டில் முட்டுக்கொடுத்து நிறுத்தப் பார்க்கிறேன்.

சிமெண்ட் ஆலையின் தூசி தெரிகிறது, அப்புறம் கூரை போடாத செங்கல் வீடுகள், சுவர்களில் பெரிய பெரிய எழுத்துகள், நாய்கள், ஒரு பள்ளிக்கூடம், டயர் கடை. அரெகிப்பாவின் ஓரம் வந்துவிட்டது. காற்று கனமாக, இனிப்பாக இருக்கிறது, நெஞ்சு நிறைய இழுக்க முடிகிறது. அவர் அசைந்தார். கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்த்தார், மூடியைத் தானே கழற்றினார், ரப்பர் பதிந்த கோடு கன்னத்தில் சிவப்பாக இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிக்கொண்டுவிட்டேன், பார்க்க முடியவில்லை. "கோதை," என்றார். "தலவலி விட்டுப்போச்சாட்ட இருக்குது." நான் திரும்பவில்லை. "ஏம் புள்ள, அழுகறியா?" என்றார், என் தோளைப் பிடித்துத் திருப்பினார். அந்தக் கண்ணின் ஓரத்தில் எல்லாம் இருந்தது, அவர், நான், எங்கள் வீடு, எல்லாம். நெல்லி முன்னால் இருந்து எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். மகள் பேரையும் ஊர் பேரையும் விமானம் என்றைக்கு என்பதையும் நான் கேட்காமலே அவரே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார், இந்தத் தடவை நீ கண்ண மூடலியாட்ட இருக்குதே என்று கேலி செய்தார். மலைதான். காற்றுதான். நெல்லி சொன்னது சரிதான். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், மடக்மடக்கென்று குடித்தார், பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"மேல நம்மகூட ஒரு அம்மா நின்னுட்டு இருந்தாங்களே, நம்மூர்க்காரங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலியே? ரொம்பப் பயந்து போயிருந்தாங்க, பாவம். தனியா வேற வந்திருக்காங்க."

ஒரு ஆட்டோ குறுக்கே போனது, ஓட்டுநர் பிரேக் போட்டார், எல்லோரும் முன்னால் சரிந்து பின்னால் வந்தோம். அதற்குள் நான் எத்தனையோ பதில் யோசித்துவிட்டேன். அவங்க வேற வண்டியில போயிட்டாங்க என்று சொல்லலாம். சொல்லிவிட்டால் அந்த அம்மா அந்த உச்சியில் கற்குவியல்களுக்கு நடுவில் அப்படியே நின்றுவிடுவாள், நாங்கள் இரண்டு பேரும் ஊருக்குப் போய்விடலாம், இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம், பால் பாக்கெட்டை நான் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம், சிக்னலில் தோளைத் தொடலாம். கேட்கிறவர்களுக்கெல்லாம் மலையைச் சொல்லலாம். சொல்ல வாயைத் திறந்தேன். அவர் நிஜமாகவே கவலையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்த அம்மாவுக்காக. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"அது நாந்தாங்க," என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தார், தன் மேல் கிடந்த சால்வையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார், உச்சியில் நின்ற அந்தப் பெண்ணின் மேல் என்னை வைத்துப் பொருத்திப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பொருந்தியதா, பொருந்தவில்லையா. முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த முகத்தில் நான் பார்க்காத ஒன்று மெதுவாக வந்து உட்கார்ந்தது. அணையில் மதகு சிக்கிக்கொண்ட மழைநாளில்கூட, யாழினி பிறந்தபோது டாக்டர் கையை விரித்த அன்றைக்குக்கூட அது வந்ததில்லை. எனக்கு அது நன்றாகப் பழக்கமான முகம்தான், எல்லா மலையிலும் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், என் முகத்தில்.

"எனக்குப் பயமா இருக்குது கோதை," என்றார்.

"எனக்குந்தாங்க," என்றேன்.

வேன் நெரிசலில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. நெல்லி திரும்பி உட்கார்ந்து, இப்போது நன்றாகத் தெளிந்துவிட்டாரே, நேராக ஹோட்டலுக்கே விட்டுவிடட்டுமா, ஓய்வெடுத்தால் போதும், இல்லை ஒரு திருப்திக்கு ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுப் போகிறீர்களா என்று என்னிடம் கேட்டாள். நான் அவரைப் பார்த்தேன். ஹோட்டல் என்று சொல்லிவிடுவார், டாக்டரிடம் போவதென்றால் அவருக்கு ஆகாது, ஹோட்டல் என்று சொல்லிவிட்டால் நானும் சரி என்றுவிடுவேன் என்று நினைத்தேன், சொல்லிவிடட்டும் என்று ஒரு மனது வேண்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி என்று இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னார். நெல்லி ஓட்டுநரின் தோளைத் தட்டினாள். வண்டி வலதுபக்கம் சந்துக்குள் திரும்பியது. கொஞ்ச தூரம் போனதும் அவர் என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்கெல்லாம் தமிழ் தெரிந்துவிடும் என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, டாக்டர் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டார். மேல நடந்ததச் சொல்லுங்க என்றேன். அது வேற யாரோ ஒருத்தராத்தான் எனக்கு ஞாபகம் இருக்குது, நீயே சொல்லிரு என்றார். சொல்கிறேன் என்றேன். ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர் தெரிய ஆரம்பித்தது. வாசலில் ஒரு சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு யாரோ வெயிலில் நின்றிருந்தார்கள். கேட்காமல் இறங்கிவிட்டால் அப்புறம் கேட்க மாட்டேன் என்று தெரிந்தது.

"ஊர்ல நடந்ததையும் சொல்லட்டுங்களா?"

ஊரில் என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. வண்டி நின்று, நெல்லி கதவை இழுத்துத் திறந்து, வெயில் எங்கள் கால் மேல் விழுந்த பிறகு சொன்னார்.

"எல்லாத்தையும் சொல்லு. நானும் கேட்டுக்கறேன்."